சந்தியாகோவிற் கூடிய ஏழு கழகங்கள்

1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. வன்னிப் பெருநிலப்பரப்பில் அது காலபோக அருவிவெட்டுக் காலம். மாரி மழையை நம்பி விதைத்த நெல்லை அரிந்து, சூடு வைத்து, மிதித்துத் தூற்றி, மூடையாகக் கட்டும் பருவம். அந்நாளுக்குச் சரியாக ஒரு கிழமை கழித்து, பெப்ரவரி 11ஆம் நாள், உலகின் மறுகோடியிலுள்ள சிலி நாட்டின் தலைநகர் சந்தியாகோவில் ஓர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஆரம்பமாயிற்று. தென் அமெரிக்காவின் ஏழு நாடுகளிலிருந்து ஏழு கழகங்கள் அங்கு கூடின. ஐந்து வாரங்கள் ஆடின. பின்னர் ஊர் திரும்பின. அடுத்த ஆண்டு அப்போட்டி நடைபெறவில்லை. அதற்கடுத்த ஆண்டும் நடைபெறவில்லை. எனினும், இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் கண்டு களிக்கும் கண்டந்தழுவிய கழகப் போட்டிகளின் வரலாற்றைத் தேடிச் செல்வோர், ஈற்றில் இந்தச் சந்தியாகோ மைதானத்திலேயே வந்து நிற்பர்.

இதன் சிறப்பை உணர்வதற்கு முதலில் அந்நாட்டுப் பருவத்தை அறிதல் வேண்டும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகுதூரத்தில் அமைந்த நாடுகளில் சனவரியும் பெப்ரவரியும் கோடை மாதங்கள். ஆர்ஜென்டீனாவிலும் உருகுவேயிலும் அக்காலத்தில் உள்நாட்டுப் போட்டிகள் கோடை கழிந்த பின்னரே தொடங்கின. ஆகவே கோடையிற் கழகங்களுக்கு ஓய்வு. ஓய்வென்றாலும் ஆட்டக்காரர் முற்றாகச் சோம்பியிருக்க முடியாது. கால்கள் பழக்கம் மறந்துவிடும். கழகங்களின் கையிருப்பும் கரைந்துகொண்டே போகும். இவ்விரு காரணங்களாலும் பருவம் தொடங்கு முன்னர் அயலூருக்கோ அயல்நாட்டுக்கோ சென்று காட்சிப் போட்டிகள் ஆடுவது அக்கழகங்களின் வழக்கமாயிருந்தது. அவற்றில் வெற்றி பெற்றால் மகிழ்ச்சி. தோற்றாலும் பெரிய நட்டமில்லை. பத்திரிகைகளில் நாலு வரி வரும். அதனோடு அக்கதை முடிந்துவிடும்.

தேசிய அணிகளைப் பொறுத்தவரை தென் அமெரிக்கா ஏனைய கண்டங்களுக்கு முன்னோடியாக விளங்கியது. 1916ஆம் ஆண்டிலேயே அங்கு கண்டத்துக்கான உதைபந்தாட்டச் சம்மேளனம் அமைந்தது. அதே ஆண்டில் நாடுகளுக்கிடையிலான போட்டியும் தொடங்கியது. 1930ஆம் ஆண்டில் முதலாவது உலகக் கிண்ணப் போட்டி உருகுவேயில் நடைபெற்று, கிண்ணமும் உருகுவேக்கே உரியதாயிற்று. ஆனால் கழகங்களின் நிலை வேறு. ஆர்ஜென்டீனாவின் சிறந்த கழகமும் உருகுவேயின் சிறந்த கழகமும் இடைப்பட்ட ஆற்றைக் கடந்து சென்று மோதுவதுண்டு. கண்டம் முழுவதிலும் வல்ல கழகம் எது என்னும் வினாவுக்கோ எவரும் விடை கண்டதில்லை. தூரம் பெரிது, இடையில் நிற்கும் அந்தீஸ் மலைத்தொடர் அதனினும் பெரிது.

இவ்வினாவுக்கு விடைகாண முனைந்தது சிலியின் கொலோ கொலோ கழகம். 1925ஆம் ஆண்டிலே தோன்றிய இக்கழகம், ஸ்பானியப் படையை எதிர்த்து நின்ற மப்பூச்சே இனத் தலைவன் ஒருவனின் பெயரைத் தாங்கியது. அதன் தலைவராயிருந்த றொபின்சன் அல்வாரெஸ், அயல் நாடுகளின் முன்னணிக் கழகங்களைச் சந்தியாகோவுக்கு அழைத்து, ஒவ்வொன்றும் ஏனைய யாவற்றோடும் ஒருமுறை ஆடும் வகையில் ஒரு போட்டியை நடத்தத் திட்டமிட்டார். கண்டத்துச் சம்மேளனத்தின் தலைவராக அப்போதிருந்தவர் லூயிஸ் வலென்சுவேலா என்னும் சிலி நாட்டவர். அவரது ஆதரவும் கிட்டியது. எனினும் அழைத்ததும் ஒரு கழகம். உபசரித்ததும் அதே கழகம். தகுதிகாண் ஆட்டங்கள் எவையும் இல்லை. அழைப்பே தகுதியாயிற்று.

அழைப்பை ஏற்று வந்த கழகங்களின் பெயர்களே அக்கண்டத்தின் வரலாற்றைச் சொல்வன. ஆர்ஜென்டீனாவிலிருந்து வந்தது ரிவர் பிளேற். இரு நாடுகளுக்கும் நடுவே பாயும் பேராற்றின் ஆங்கிலப் பெயரே அதன் பெயர். ஆங்கில மாலுமிகளும் வணிகரும் அக்கரைகளுக்கு உதைபந்தைக் கொண்டுவந்த காலத்தின் எச்சம் அது. உருகுவேயிலிருந்து வந்த நசியனால், நாட்டவர் தமக்கெனத் தொடங்கிய கழகம் என்பதைப் பெயரிலேயே பறைசாற்றியது. பெருவிலிருந்து லீமா நகரசபையைச் சார்ந்து தோன்றிய முனிசிப்பல் கழகம் வந்தது. ஈக்குவடோரின் எமெலெக், குவயாகில் நகரத்து மின்சாரக் கம்பனியின் ஊழியரிடையே 1929ஆம் ஆண்டு பிறந்தது. கம்பனியின் பெயர்ச் சுருக்கமே கழகத்தின் பெயர். பொலிவியாவிலிருந்து வந்த கழகம் லிற்றோரல். அச்சொல்லுக்குக் கரையோரம் என்பது பொருள். 1879ஆம் ஆண்டில் மூண்ட போரிலே பொலிவியா தனது கடற்கரை மாகாணத்தைச் சிலியிடம் இழந்தது. இழந்த அம்மாகாணத்தின் பெயரும் லிற்றோரல் என்பதே. அந்தப் பெயரைத் தாங்கிய இளைஞர்கள் சிலியின் தலைநகரில் விருந்தினராய் வந்து பந்தாடினர் என்பது சிந்திக்கத்தக்கது.

ஏழாவது கழகம் பிரேசிலின் வஸ்கோ ட காமா. 1498ஆம் ஆண்டிற் கோழிக்கோட்டை வந்தடைந்த போர்த்துக்கேய மாலுமியின் பெயர் இது என்பதை வரலாறு படித்த மாணவர் யாவரும் அறிவர். அந்தக் கடற்பயணத்தின் நானூறாவது ஆண்டு நிறைவையொட்டி, 1898ஆம் ஆண்டில், றியோ டி ஜனைரோ நகரத்திற் குடியேறி வாழ்ந்த போர்த்துக்கேயர் இக்கழகத்தை நிறுவினர். தொடக்கத்தில் அது படகோட்டும் கழகம். உதைபந்தாட்டம் பின்னரே சேர்ந்தது.

வஸ்கோவின் வரலாற்றில் இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. 1923ஆம் ஆண்டில் அது றியோ நகரத்தின் முதற்பிரிவில் முதன்முறையாக ஆடி, அந்த ஆண்டே வெற்றிக் கிண்ணத்தையும் பெற்றது. அதன் அணியிற் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் கூலித் தொழிலாளரும் இருந்தனர். செல்வர்களின் கழகங்களுக்கு இது பொறுக்கவில்லை. அவை புதிய சங்கமொன்றை அமைத்து, வஸ்கோ அதிற் சேரவேண்டுமாயின் அதன் ஆட்டக்காரர் பன்னிருவரை நீக்கவேண்டும் என்றன. 1924ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் கழகத்தின் தலைவர் எழுத்து மூலம் மறுமொழி அனுப்பினார். அந்தப் பன்னிருவரையும் கைவிட்டுச் சங்கத்தில் இடம்பெறுவதிலும் பார்க்க, இடம்பெறாமலே இருந்துவிடுவதாக அவர் தெரிவித்தார். பெரியோரின் அங்கீகாரம் இல்லாமல் வாழமுடியும் என்னும் துணிவு அக்கழகத்துக்கு அன்றே வாய்த்திருந்தது.

சந்தியாகோவில் 1938ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்ட தேசிய விளையாட்டரங்கில் ஆட்டங்கள் நடைபெற்றன. பிற்காலத்தில், 1973ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சியை அடுத்து, ஆயிரக்கணக்கான மக்களை அடைத்துவைத்த தடுப்பு முகாமாக மாறியதும் இதே அரங்குதான். 1948ஆம் ஆண்டின் கோடையில் அங்கு கேட்டது மக்களின் ஆரவாரமே.

வந்த கழகங்களுள் எல்லோராலும் பெரிதாக மதிக்கப்பட்டது ரிவர் பிளேற். 1940களின் தொடக்கத்தில் அதன் முன்வரிசை ஐவரின் ஒத்திசைவைக் கண்ட மக்கள் அதனை ‘இயந்திரம்’ என்றே அழைத்தனர். அந்த ஐவருள் மொரேனோ, லப்றூனா, லூஸ்தாவ் ஆகியோர் 1948இலும் அணியில் இருந்தனர். அவர்களோடு இருபத்தொரு வயது இளைஞர் ஒருவரும் சேர்ந்திருந்தார். முந்திய ஆண்டில் ஆர்ஜென்டீனப் போட்டிகளில் 27 கோல்களைப் போட்டுப் பெயர் பெற்ற அவர்தாம் அல்பிரெடோ டி ஸ்டெபானோ.

போட்டியின் போக்கு எதிர்பார்த்தபடி அமையவில்லை. நசியனால் ரிவர் பிளேற்றை 3-0 என்ற கணக்கில் வென்றது. அந்த நசியனாலை வஸ்கோ 4-1 என்ற கணக்கில் வென்றது. லிற்றோரல், முனிசிப்பல், எமெலெக் ஆகிய கழகங்களையும் வென்ற வஸ்கோ, சொந்த மண்ணில் ஆடிய கொலோ கொலோவுடன் 1-1 எனச் சமநிலை கண்டது. வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி என்பது அக்கால முறை. மார்ச் 14ஆம் நாள் வஸ்கோவும் ரிவர் பிளேற்றும் எதிரெதிர் நின்றபோது, வஸ்கோவுக்குச் சமநிலை போதும். ரிவர் பிளேற் வென்றே ஆகவேண்டும்.

அன்று வஸ்கோவின் பந்துக்காப்பாளராக நின்றவர் மொவாசிர் பார்போசா. 1921ஆம் ஆண்டிற் பிறந்த கறுப்பினத்தவர். டி ஸ்டெபானோவும் லப்றூனாவும் உள்ளிட்ட ரிவர் பிளேற்றின் முன்வரிசையால் அந்த ஆட்டம் முடியும்வரை அவரைத் தாண்டிப் பந்தை வலைக்குட் செலுத்த முடியவில்லை. ஆட்டம் கோலின்றி முடிந்தது. ஆறு ஆட்டங்களிற் பன்னிரண்டு கோல்களைப் போட்டு, மூன்றை மாத்திரம் விட்டுக்கொடுத்த வஸ்கோ, 10 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. ரிவர் பிளேற் 9 புள்ளிகளும் நசியனால் 8 புள்ளிகளும் பெற்றன. அதுவரை தன் நாட்டுக்கு வெளியே பிரேசிலியக் கழகமொன்று பெற்ற மிகப் பெரிய வெற்றி அதுவேயாகும்.

அந்த வெற்றி பிரேசிலின் நெஞ்சில் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஈராண்டுகளின் பின்னர் நிகழ்ந்த ஒரு தோல்வி அதனை மூடி மறைத்தது. 1950ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாள், றியோவின் மரக்கானா அரங்கில், உலகக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில் பிரேசிலும் உருகுவேயும் மோதின. பிரேசிலுக்குச் சமநிலையே போதுமானதாயிருந்தது. அணியின் பயிற்றுநர் பிளாவியோ கொஸ்தா, சந்தியாகோவில் வஸ்கோவைப் பயிற்றியவர். பந்துக்காப்பாளர் அதே பார்போசா. பிரேசிலின் கோலைப் போட்ட பிரியாசாவும் 1948இல் வஸ்கோவுக்காக ஆடியவரே. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் பார்த்திருக்க, உருகுவே 2-1 என வென்றது. வெற்றிக் கோலைப் போட்ட கிஜியாவின் உதை, பார்போசாவுக்கும் கம்பத்துக்கும் இடையிலிருந்த சிறு வெளியினூடாகப் புகுந்தது.

அன்று தொடங்கிய பழி பார்போசாவை அவரது ஆயுள் முழுவதும் தொடர்ந்தது. சந்தியாகோவில் தென் அமெரிக்காவின் மிகச் சிறந்த முன்வரிசையைத் தடுத்து நிறுத்திய கைகளை எவரும் பேசவில்லை. மரக்கானாவில் ஒரு கணம் பிந்திய கைகளையே எல்லோரும் பேசினர். தோல்விக்கு உலகக் கிண்ணம் என்ற பெரும்பெயர் இருந்தது. வெற்றிக்கோ, கழகமொன்று கோடையில் அழைத்து நடத்திய போட்டி என்பதற்கு மேலாக ஒரு பெயரும் இருக்கவில்லை.

ஆயினும் சந்தியாகோவில் விழுந்த விதை வேறொரு நிலத்தில் முளைத்தது. 1954ஆம் ஆண்டு டிசம்பரில், இங்கிலாந்தின் வுல்வர்ஹம்ப்டன் கழகம் ஹங்கேரியின் ஹொன்வேட் கழகத்தை 3-2 என வென்றது. அவ்வெற்றியைக் கொண்டாடிய ஆங்கிலப் பத்திரிகைகள், தமது கழகமே உலகிற் சிறந்தது என்று எழுதின. பிரான்சின் ‘லெக்கிப்’ விளையாட்டுப் பத்திரிகையைச் சேர்ந்த காப்ரியேல் ஆனோ இதனை ஏற்கவில்லை. ஒரேயொரு காட்சிப் போட்டியைக் கொண்டு அப்படி முடிவுகட்டலாகாது. ஐரோப்பியக் கழகங்கள் முறையாக ஒன்றோடொன்று ஆடிப் பார்க்கட்டும் என்பது அவர் வாதம். அவரும் அவருடைய சக பத்திரிகையாளர் ஜாக் பெரானும் அதற்கான திட்டத்தை வகுத்தனர். சந்தியாகோவில் நடந்த போட்டியே தமக்கு முன்மாதிரியாக அமைந்தது என்று பெரான் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறினார். 1955ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி பதினாறு கழகங்களுடன் தொடங்கியது.

வரலாற்றின் விந்தை இங்கே மேலும் தெளிவாகிறது. அந்த ஐரோப்பியக் கிண்ணத்தை முதல் ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து வென்ற கழகம் ஸ்பெயினின் ரியல் மட்றிட். ஐந்து இறுதி ஆட்டங்களிலும் அதற்காகக் கோல் போட்டவர் டி ஸ்டெபானோ. சந்தியாகோவிற் பார்போசாவின் வலையை எட்டமுடியாது நின்ற அதே இளைஞர், 1949ஆம் ஆண்டிற் கொலம்பியாவுக்கும் 1953ஆம் ஆண்டில் ஸ்பெயினுக்கும் சென்று, அங்கு தம் புகழின் உச்சியை அடைந்தார்.

ஐரோப்பாவின் வெற்றியைக் கண்ட பின்னரே தென் அமெரிக்கா தன் பழைய எண்ணத்துக்குத் திரும்பியது. 1960ஆம் ஆண்டில் அக்கண்டத்தின் சம்மேளனமே பொறுப்பேற்றுக் கழகங்களுக்கான போட்டியை ஆரம்பித்தது. முதலாண்டிற் பங்குபற்றிய கழகங்கள் ஏழு. சந்தியாகோவிற் கூடியவையும் ஏழே. உருகுவேயின் பெனரோல் கிண்ணத்தை வென்றது. 1965ஆம் ஆண்டு முதல் அந்தப் போட்டி, கண்டத்தின் விடுதலை வீரர்களை நினைவுகூர்ந்து, ‘லிபர்த்தடோரெஸ் கிண்ணம்’ எனப் பெயர்பெற்றது. தான் தொடங்கிய ஒன்றைத் தானே மறந்து, கடல் கடந்து திரும்பி வந்தபோது அதனைப் புதுமையென ஏற்றுக்கொண்ட கதை இது.

இனி, வஸ்கோவின் வெற்றிக்கு யாது நேர்ந்தது? அரங்கிற் கண்டவர்கள் முதியோராயினர். ஏடுகளில் அது பதிவுபெற்ற போட்டியாகக் கணிக்கப்படவில்லை. 1996ஆம் ஆண்டில், ஆட்டம் முடிந்து நாற்பத்தெட்டு ஆண்டுகளின் பின்னர், தென் அமெரிக்கச் சம்மேளனம் அந்த வெற்றியைக் கண்டத்துச் சம்பியன் பட்டமாக ஏற்றுக்கொண்டது. அதன் பயனாக, கண்டத்துப் பட்டம் பெற்ற கழகங்களுக்கு மட்டுமே உரித்தாயிருந்த சுற்றுப்போட்டியில் 1997ஆம் ஆண்டு வஸ்கோவுக்கும் இடம் கிடைத்தது.

இம்முடிவு முழுவதும் நியாயமானதா என்று வினவுவோரும் உளர். கண்டத்தின் எல்லா நாடுகளும் சந்தியாகோவுக்கு வரவில்லை. பரகுவே, கொலம்பியா, வெனிசுவேலா ஆகியவற்றுக்கு அங்கு கழகம் இல்லை. பிரேசிலில் அன்று நாடு தழுவிய கழகப் போட்டியே இருக்கவில்லை. வஸ்கோ ஒரு நகரத்தின் வெற்றியாளராகவே வந்தது. இவை மறுக்கமுடியாத குறைகள். அதனாலேயே அந்தப் பட்டம் லிபர்த்தடோரெஸ் கிண்ணங்களோடு சேர்த்து எண்ணப்படாமல் தனியாகவே குறிக்கப்படுகிறது. ஆனால் முதன்முதலாகச் செய்யப்படும் எந்தக் காரியத்திலும் குறையுண்டு. குறைகளைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு, முதலில் ஒருவர் துணிந்து செய்தபடியாலேயே பின்வந்தோர்க்குக் கிட்டுகிறது.

பார்போசா அந்த அங்கீகாரத்தைக் காண உயிரோடிருந்தார். 2000ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் அவர் காலமானார். தன் கறுப்பின ஆட்டக்காரரைக் கைவிட மறுத்து அவருடைய கழகம் மறுமொழி எழுதியதும் ஓர் ஏப்பிரல் 7ஆம் நாளே. அதற்கு அப்போது எழுபத்தாறு ஆண்டுகள் நிறைந்திருந்தன. காலம் தாழ்த்தி வந்த ஒரு பட்டம் ஐம்பதாண்டுப் பழியை முற்றாகத் துடைத்துவிட்டது என்று கூறமுடியாது. எனினும் அவர் வாழ்க்கையை எழுத முற்படும் வரலாற்றாசிரியன், 1950இன் ஒரு கோலோடு நிறுத்திக்கொள்ளாமல், 1948இன் வெற்றியையும் எழுதக் கடமைப்பட்டவனாகிறான்.

செயல் முன்னே நடக்க, முத்திரை பின்னே வருவது வன்னி மக்கள் அறியாத ஒன்றன்று. கிளிநொச்சி தனி மாவட்டமாகியது 1984ஆம் ஆண்டில். ஆனால் 1930களிலேயே மக்கள் இரணைமடுக் குளத்து நீரை நம்பி அங்கு குடியேறிக் காடு வெட்டிக் கழனியாக்கத் தொடங்கிவிட்டனர். மாவட்டம் என்ற பெயர் வந்த பின்னரா அவர்கள் வாழத் தொடங்கினர்? வாழ்ந்தபடியாற் பெயர் வந்தது.

விளையாட்டிலும் அவ்வாறே. அருவிவெட்டு முடிந்த வயல்வெளிகளிலும் பாடசாலை மைதானங்களிலும், மறைந்த ஒருவரின் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்காக அயற் கிராமத்துக் கழகங்களை அழைத்துச் சுற்றுப்போட்டி நடத்துவது வடபுலத்தில் நெடுநாள் வழக்கம். அழைப்புக் கடிதம் எழுதுவோர் இளைஞர்கள். கோட்டுக்குச் சுண்ணாம்பு இடுவோரும் அவர்களே. வந்த அணியினருக்குத் தேநீர் கொடுப்போரும் அவர்களே. அங்கு பெறப்படும் வெற்றிகள் எந்தச் சம்மேளனத்தின் ஏட்டிலும் ஏறுவதில்லை. எவ்வணி வென்றது, யார் கோல் போட்டது, எந்தச் சிறுவன் பந்துக்காப்பாளனாக நின்று அன்று ஊரின் மானத்தைக் காத்தான் என்பனவெல்லாம் கண்டவர் வாயில் மாத்திரம் வாழ்கின்றன; அவரோடு மறைந்தும் போகின்றன.

சந்தியாகோவின் வரலாறு இன்று எழுதப்படுவதற்குக் காரணம், ஆட்டங்களின் நாளும் கணக்கும் அன்றே ஒழுங்காகக் குறித்து வைக்கப்பட்டமையாகும். நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துச் சம்மேளனத்தின் முன்னே வஸ்கோவின் சார்பில் சாட்சி சொன்னது அந்தக் குறிப்புக்களே. ஒரு பாடசாலைக் கொப்பியிலாவது கழகங்களின் பெயரையும், ஆடிய நாளையும், கோல்களின் கணக்கையும், ஆட்டக்காரரின் பெயர்களையும் எழுதிவைக்கும் இளைஞன், தன் கிராமத்துக்கு ஒரு வரலாற்றைச் சேர்த்து வைக்கிறான். முத்திரை குத்துவோர் வரும் நாளில் வரட்டும். எழுதிவைக்கும் வேலை ஆட்டம் முடிந்த அன்று மாலையிலேயே நடைபெறல் வேண்டும்.